இன்னும் எழுபது வார்த்தை

போனில் புதுப் பக்கத்தைத் திறந்தபோது அதில் ஏற்கெனவே ஒரு வார்த்தை இருந்தது. தண்ணி.

கை பட்டிருக்கும் என்று அழித்தாள். காலை ஆறரை மணி வெயில் சாப்பாட்டு மேசையில் விழுந்துகொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் முனகியது, குழாய் சொட்டியது, ஜன்னலைத் திறந்துபோட்டு ஒரு மாதமாகியும் போகாத அந்த மருந்து நாற்றம் அக்காவின் அறையிலிருந்து மெல்லக் கசிந்து வந்தது. தினமும் முந்நூறு வார்த்தை எழுதினால் போனில் இருக்கும் குறிப்பேடு ஒரு நாளைக் கூட்டிக்காட்டும். இன்று நானூறாவது நாள். ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து. அக்கா செத்த அன்றுகூட அவள் விடவில்லை.

அம்மா போன பிறகு அக்காவின் சம்பளம்தான் அவளைப் படிக்கவைத்தது. பக்கவாதம் வந்து அக்காவுக்குப் பேச்சு போயிற்று. அசைய ஒரே ஒரு விரல் மிஞ்சியது. அந்த விரலுக்காக ஒரு டேப்லெட் வாங்கி, தன் குறிப்பேட்டையே அதிலும் போட்டுக் கொடுத்தாள். தனியாக ஒன்று போடச் சோம்பல். அக்கா எதைத் தட்டினாலும் இவள் எழுதும் பக்கத்தில் வந்து விழும்.

அக்கா செத்த அன்று, அவளுக்கு மாத்திரையை ஊட்டிவிட்டு இதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்காவைத் தான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் 'தண்ணி' என்று வந்தது. இன்னும் எழுபது வார்த்தை இருந்தது. அழித்தாள். மறுபடி வந்தது. நல்ல வரி ஓடும்போதுதானா? அழித்தாள். அப்புறம் வரவில்லை. நிம்மதியாக எழுதி முடித்தாள்.

மாத்திரை தொண்டையில் சிக்கியிருந்தது என்றார் டாக்டர். எழுத்துக் குழுவில் அந்தக் கட்டுரையைப் படித்து நாற்பது பேர் அழுதார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் நன்றி சொன்னாள். அப்போது வெட்கம்கூட வரவில்லை, அதுதான் கேவலம்.

தண்ணி.

அழித்தாள். தண்ணி. தண்ணி.

"என்னங்க, அக்கா டேப்லெட்ட எடுத்தீங்களா?"

குளியலறைக்குள்ளிருந்து கணவர் கத்தினார். "நான் ஏன் எடுக்கப்போறேன்? நீதானே அலமாரில வெச்சுப் பூட்டின? அதுல சார்ஜே இருக்காதே!"

ஷவர் சத்தம் கூடியது.

பூட்டு அப்படியே இருந்தது. திறந்தாள். டேப்லெட் கறுப்பாகக் கிடந்தது. பொத்தானை அழுத்தினாள். உயிரில்லை. கண்ணாடி மேல் ஒரு மாதத் தூசி.

தூசியில் ஒரு கோடு. விரல் அகலம். நகர்ந்துகொண்டிருந்தது.

கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். தொண்டையில் ஏதோ அடைத்தது. சின்னதாக. உருண்டையாக. கசப்பாக.

குரல் வரவில்லை. மூச்சும்.

கையிலிருந்த போனில் வார்த்தைகள் விழுந்துகொண்டே இருந்தன. தண்ணி. தண்ணி. தண்ணி. கீழே எண்ணிக்கை ஏறியது.

இருநூற்று முப்பது. இன்னும் எழுபது.

தூசியில் அந்த விரல் அவசரப்படவே இல்லை.