அப்பாவின் வலப் பக்கம்

கீரிக் கடற்கரையில் றொட்னியின் படகு கரையைத் தொடும்போது, "பிறின்சி! பையைக் கொண்டா!" என்று அவர் மகளைக் கூப்பிடும் சத்தம் ஊருக்கே கேட்கும். அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. படகை வேறு யாரோ ஓட்டிவந்தார். பிறின்சியின் அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா? கண்ணுக்குள்ள மண்ணோ?"

"இல்லைப் பிள்ளை. வலக் கண்ணுக்கு முன்னால கறுப்பு நூல் மாதிரி ஓடினது. இப்ப முழுக்க இருட்டிப்போச்சு."

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் அப்பாவின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தார். பிறின்சியும் அம்மா சிசிலியாவும் பக்கத்தில் நின்றார்கள்.

"நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், கனகாலமா இருக்கோ?"

"ஓம் டொக்டர்."

"பிறஷர்?"

"அதுவும் இருக்கு."

"சிகரெட்?"

அப்பா கையை நெஞ்சில் வைத்து மறைக்கப் பார்த்தார். சட்டைப் பைக்குள் இருந்து எட்டிப் பார்த்த சிகரெட் பெட்டியே பதில் சொல்லிவிட்டது.

"வருசத்துக்கு ஒருக்கா கண்ணைக் காட்டச் சொல்லேல்லையோ?"

"சொன்னவை. நல்லாத் தெரியிற கண்ணை ஏன் காட்டுவான் எண்டு விட்டிட்டன்."

டொக்டர் பெருமூச்சு விட்டார். "சீனி கூடினால் கண்ணுக்குப் பின்னால இருக்கிற சின்ன இரத்தக் குழாயள் பழுதாகும். தொடக்கத்தில ஒண்டும் தெரியாது. பிறஷரும் சிகரெட்டும் அதை இன்னும் மோசமாக்கும். உங்கட வலக் கண்ணுக்குள்ள இரத்தம் கசிஞ்சிருக்கு. அதில பழைய பார்வை வருமெண்டு நான் சொல்லமாட்டன். இடக் கண்ணிலயும் தொடங்கியிருக்கு. கெதியா லேசர் போட்டால் அதையாவது காப்பாற்றப் பாக்கலாம்."

லேசருக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாளும் வந்தது.

"வெளிக்கிடுங்கோ," என்றார் அம்மா.

"நான் வரேல்லை. போற கண் போகட்டும்."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா எவ்வளவோ கெஞ்சினார், அழுதார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவாடு காயப்போடும் வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா நடந்தால் கதிரையில் இடித்தார். தேத்தண்ணிக் கோப்பையை எட்டினால் தட்டிக் கொட்டினார். அவருடைய படகு மற்றவர்களோடு கடலுக்குப் போனது. அதன் எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையணையால் காதை மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பிறின்சிக்கு ஒரு பாடமும் மண்டையில் ஏறவில்லை.

ஒரு பின்னேரம் அப்பா கூப்பிட்டார். "பிறின்சி, கடையில ஒரு சோடா வாங்கிக்கொண்டு வா."

ஒவ்வொரு நாளும் அப்பாவுக்குச் சோடா வாங்கிவருவது அவள்தான். அன்றைக்கும் போனாள்.

"வழமையான சோடாதானே?" என்று கேட்டு, கடைக்கார வஸீர் நானா போத்தலை எடுத்து வைத்தார்.

பிறின்சி போத்தலைப் பார்த்தாள். இதுவரை வாங்கிக் கொடுத்த போத்தல்கள் எல்லாம் வரிசையாக நிற்பதுபோல இருந்தது. அத்தனையும் சீனித் தண்ணி.

"வேண்டாம் நானா," என்று திரும்பி ஓடினாள்.

"எங்க சோடா?" என்றார் அப்பா.

"வாங்கேல்லை."

"ஏன்?"

பிறின்சி விம்மினாள். "நான்தானே அப்பா ஒவ்வொரு நாளும் வாங்கித் தந்தனான். உங்கட கண்ணைப் பழுதாக்கினது நான்தான்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கே தெரியும்."

அவளைத் தொடக் கையை நீட்டினார். கை அவளுடைய தோளைத் தாண்டி வெறும் காற்றில் போனது. பிறின்சி தானே நகர்ந்து அந்தக் கைக்குக் கீழே வந்து நின்றாள்.

"குடிச்சது என்ர வாய். சிகரெட் பத்தினதும் நான். கிளினிக்குக்குப் போகாததும் நான். கடைக்குப் போ எண்டால் நீ போனனி, அவ்வளவுதான். உன்னில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை."

"அப்ப இடக் கண்ணைக் காட்ட வாங்கோவன்."

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"லேசருக்குப் பயமில்லை. அண்டைக்குச் சந்தைக்குள்ள அம்மா என்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக, எல்லாரும் நிண்டு பார்த்தவை. பெரிய கடலில படகு ஓட்டின மனிசன் நான். கைப்பிள்ளை மாதிரிப் போக ஏலாது."

பிறின்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நான் கையைப் பிடிக்கமாட்டன். உங்கட வலப் பக்கத்தில சும்மா கதைச்சுக்கொண்டு வாறன். படி வந்தால் சங்கீத ரீச்சரைப் பற்றிக் கதைப்பன். பள்ளம் வந்தால் கணக்குப் பாடத்தைப் பற்றி. ஒருத்தருக்கும் விளங்காது."

"நாய் வந்தால்?"

"நாய் வந்தால் நாய் எண்டுதான் சொல்லவேணும் அப்பா."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

அம்மா போய்க் கேட்டு, லேசருக்கு வேறு நாள் வாங்கினார். அன்றைக்கு மூவரும் போனார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டதும் அப்பாவுக்கு இடக் கண்ணும் மங்கியது. லேசர் அறைக்கு ஏறும் படிக்கட்டின் முன்னால் அவர் தயங்கி நின்றார்.

"அப்பா, எங்கட சங்கீத ரீச்சர் இருக்கிறாவெல்லே..."

அப்பா காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

"அவ இண்டைக்கும் பாடினவ. பிறகும் பாடினவ. இனிப் பாடமாட்டா."

பாட்டுக்கு ஒரு படியாக ஏறிப் படிகள் முடிந்தன. வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கட மகள் நல்லாக் கதைக்கிறா."

"ஓம், வாய் மூடமாட்டாள்," என்றார் அப்பா.

லேசர் போட்டு முடிந்ததும் டொக்டர் மூவரையும் இருத்திக் கதைத்தார்.

"வலக் கண்ணுக்கு இனிச் செய்யிறதுக்குப் பெரிசா ஒண்டுமில்லை. இடக் கண்ணில மிஞ்சியிருக்கிற பார்வையைப் பிடிச்சு வைக்கத்தான் பாக்கிறம். சீனியும் பிறஷரும் கட்டுப்பாட்டில இருக்கவேணும். சிகரெட் கூடவே கூடாது."

"கடலுக்கு?" என்று கேட்டார் அப்பா.

"இப்ப ஏலாது. எப்ப ஏலும் எண்டும் எனக்குத் தெரியாது."

அப்பா தலையைக் குனிந்தார். அவருடைய பெரிய கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதையாவது கதைக்கப் பிறின்சி வாயைத் திறந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.



பிறகு அப்பா நிமிர்ந்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகவே கேட்டார்.

"டொக்டர், நான் திரும்ப எப்ப வரவேணும்?"