முகம் பொருந்தவில்லை

செங்குடியில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை அறுப்பார்கள். அடுத்த நிமிடமே முகத்தைத் திருத்துவார்கள். பயப்படாதீர்கள், படத்தில்தான். மூக்கைக் கூராக்கி, நிறத்தை இரண்டு படி ஏற்றி, அதற்கப்புறம்தான் சொந்தபந்தங்களுக்கு அனுப்புவார்கள். செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபோன கொங்குநாட்டுச் சனங்கள் பூமியில் விட்டுவர மறந்த பழக்கங்களில் இதுவும் ஒன்று. இதற்கென்றே ‘எழிலாக்கி’ என்ற கருவியை வீட்டுக்கு வீடு சுவரில் பதித்திருந்தார்கள்.

அன்று காலை மயிலாத்தாள் வீட்டு எழிலாக்கி மக்கர் பண்ணியது. முந்தின நாள்தான் அதற்கு ஒரு புதுப்பிப்பு வந்திருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் புதுப்பிக்காவிட்டால் இந்த நிறுவனத்தாருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

மயிலாத்தாளின் மகள் நிறைமதிக்கு வயது முப்பத்தொன்று. ஆறு வரன்கள் தட்டிப்போய், ஏழாவதாக வந்த காங்கேயத்து நல்லசிவத்தை அவளே விரும்பிச் சரி என்றிருந்தாள். கல்யாணம் முடிந்ததும் செவ்வாய்க்கே வந்துவிடுகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். அதுவரை அவர்கள் பார்த்ததெல்லாம் எழிலாக்கி திருத்திய முகம்தான். பூமியிலிருந்து அவன் அம்மா ஒரு புதுப்படம் கேட்டிருந்தாள். குலதெய்வத்தின் முன்னால் அன்றைக்கு எடுத்த படத்தை வைத்து, சாமி தலையிலிருந்து பூ விழுகிறதா என்று பூவாக்குக் கேட்க வேண்டுமாம். அன்று சாயங்காலம் நாலு மணிக்குச் சூரியன் இரண்டு கிரகங்களுக்கும் நடுவில் வந்துவிடும். அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒரு சேதியும் போகாது, வராது. அதற்குள் படம் வராவிட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

நிறைமதி பட்டுச்சேலையில் வந்து நின்றாள். எழிலாக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தது.

“மன்னிக்கவும். இவர் நிறைமதி அல்லர். அயலார் முகத்தைத் திருத்த அனுமதியில்லை.”

“அயலாரா? பத்து மாசம் சொமந்தவ சொல்றேன், இது எம் பொண்ணு!” என்றாள் மயிலாத்தாள்.

“முகம் பொருந்தவில்லை.”

மயிலாத்தாள் கருவியை அணைத்துப் போட்டாள். கேமரா வில்லையை முந்தானையால் துடைத்தாள். பழைய பதிப்புக்குத் திரும்பலாமா என்று தடவிப் பார்த்தாள், முடியாது என்றது. மண்டையில் ஓங்கி இரண்டு தட்டும் தட்டினாள். எந்தக் கிரகத்துக்குப் போனாலும் நம் ஆட்கள் இந்த வைத்தியத்தை மட்டும் விடமாட்டார்கள். கடைசியில் உதவி மையத்தைக் கூப்பிட்டாள். திரையில் ஒரு ரோபோ வந்து கும்பிட்டது.

“பழுதெல்லாம் இல்லீங்கம்மா. அடுத்தவங்க முகத்தைத் திருடறதைத் தடுக்கறதுக்குத்தான் இந்தப் புதுப்பிப்பு. குடிப்பதிவுல இருக்கற முகத்தோட ஒத்துப்போனாத்தான் இனித் திருத்தும். பதிவுக்குக் குடுத்த படத்தைத் திருத்திக் குடுத்தீங்களா?”

மயிலாத்தாள் திருதிருவென்று முழித்தாள். “லேசா.”

“மூக்கு வேற, தாடை வேற, பல்வரிசை வேற. இதுக்குப் பேரு லேசாங்களா?”

“ஊரே அப்படித்தான் குடுக்குது! இப்ப என்ன வழி, அதைச் சொல்லு.”

“பதிவுல இருக்கற முகத்தோட வந்து நின்னாப் போதுமுங்க. உடனே திருத்திக் குடுத்துரும்.”

“அந்த முகம் இருந்தா உன்னை எதுக்குடா நான் கூப்பிடறேன்?”

ரோபோ பொறுமைக்கு நன்றி சொல்லி மறைந்தது. மயிலாத்தாள் தானே களத்தில் இறங்கினாள். மகளின் முகத்தில் மாவைப் பூசினாள், மையை இழுத்தாள், மூக்கைக் கூராக்கத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டினாள். இருபத்துமூன்றாவது முயற்சியில் முப்பத்தெட்டு விழுக்காடு பொருந்துவதாக எழிலாக்கி ஒத்துக்கொண்டது. மணி மூன்றே முக்கால்.

நிறைமதி கிளிப்பைப் பிடுங்கி எறிந்தாள். “போதும்மா! நான் அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?”

“அப்படி யாரு சொன்னா கண்ணு? இன்னும் கொஞ்சம்...”

அவள் காதில் வாங்கவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு, தக்காளிக் கூடாரத்து வேலைக்கு வைத்திருந்த சாதாரண கேமராவால் தன்னைத்தானே எடுத்தாள். வெளியே போகும்போது மாட்டும் காற்றுமூடி கன்னத்தில் பதித்த தழும்பு, ஓரம் உடைந்த முன்பல், எல்லாம் அப்படியே படத்தில் விழுந்தன. நாலு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டாள். மயிலாத்தாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

பதினைந்து நாளும் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அனுப்பியிருக்கக் கூடாதோ என்று நிறைமதி தக்காளிக் கூடாரத்தில் தனியாக அழுதாள். அவளுக்கு நல்லசிவத்தை அவ்வளவு பிடித்திருந்தது. பதினாறாம் நாள் காலை நல்லசிவத்தின் அம்மா குரல் வந்தது.

“மயிலாத்தா, அவசரத்துல படத்தை மாத்தி அனுப்பிட்டீங்களாட்ட இருக்குது. இது நிறைமதி இல்லைன்னு எங்கூட்டு எழிலாக்கியும் சொல்லிருச்சு. ஆனாப் பாருங்க, பூவாக்கு இந்தப் பொண்ணுக்கு நல்லபடியா வந்துருச்சு. பையனும் கட்டுனா இவளைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். உங்க பொண்ணு மனசு நோகும், மன்னிச்சுக்கோங்க. இந்தப் புள்ள யாரு எவருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க.”

நிறைமதி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், அத்தனை சந்தோஷம் அவளுக்கு. திரும்பிப் பார்த்தால், மயிலாத்தாள் சுவரில் மாட்டியிருந்த குடிப்பதிவுப் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள்.

“என்னையத்தாம்மா பிடிச்சிருக்குதாம்! நீ எதுக்கு அழுவறே?”

“உனக்கென்ன, உனக்கு ஆள் கெடச்சிருச்சு.” மயிலாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டுப் படத்தின் கன்னத்தைத் தடவினாள். “முப்பத்தொரு வருசம் பாத்துப் பாத்து வளத்தேன். எம் பொண்ணை வேண்டாம்னுட்டாங்களே, இவளுக்கு இனி எங்க போயி மாப்பிள்ளை தேடுவேன்?”