மடக்கு மேசையும் ஊதல் நிற்காத எஞ்சினும்

பாலக்கரையில் அற்புதசாமியின் வீட்டில் கை காயாமல் ஒரு நாளும் சாப்பாடு முடிந்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்து கை கழுவினால் கை ஏன் காயப் போகிறது? அந்த வீட்டில் யார் எழுந்தார்கள்! அற்புதசாமி பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் பிட்டர். சாயங்காலம் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, சமையலறையில் எல்லாரோடும் தரையில் உட்கார்ந்தாரானால் கதை ஆரம்பமாகிவிடும். எந்த எஞ்சின் அன்றைக்கு முரண்டு பிடித்தது, எந்தத் துரை எண்ணெய்ச் சட்டிக்குள் தொப்பியைத் தவறவிட்டார் என்று சொல்லிக்கொண்டே போவார். மகள் செல்வமேரியும் அவளுடைய தம்பி ஸ்தனிஸ்லாஸும் வாயைப் பிளந்து கேட்பார்கள். விரல்களில் ஒட்டிய சோறு அப்படியே காய்ந்து போகும்.

"கை காயுது பாருங்க! எழுந்திருங்க எல்லாரும்," என்று அம்மா பாக்கியமேரி சத்தம் போடுவாள். போடுவாளே தவிர, அவளும் எழுந்திருக்க மாட்டாள்.

1936-ஆம் வருஷம், ஒரு நாள் அப்பா புதுக் கதை ஒன்றை ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஒரு எஞ்சினுக்கு ஊதல் மாட்டினோம். ஊதிப் பார்த்தோம். நல்லா ஊதுச்சு. ஆனா நிறுத்தினா நிக்கலை. ஊதிக்கிட்டே இருக்கு!"

"அய்யோ, அப்புறம்?" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"மீதி நாளைக்கு. எனக்குத் தூக்கம் வருது."

மறுநாள் ஒர்க் ஷாப்பில் ஓர் இரும்புத் துண்டு அப்பாவின் முழங்காலில் விழுந்துவிட்டது.

இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் முழங்கால் மட்டும் மடங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. மடங்காத காலோடு தரையில் எப்படி உட்கார்வது? சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அந்தச் சின்ன அறையில் அவருடைய கால் குறுக்கே நீண்டு கிடந்தது. குழம்புச் சட்டியோடு வந்த அம்மா தடுக்கி விழப் போனாள். சட்டி தப்பியது பெரிய காரியம்.

அன்றிலிருந்து அப்பா முன்னறையில் சாப்பிட்டார். முக்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, தனியாக ஐந்தே நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துவிடுவார். மற்ற மூன்று பேரும் உள்ளே சாப்பிட்டார்கள். யாருடைய கையும் காயவில்லை.

"அப்பா, அந்த எஞ்சின் ஊதுறதை நிறுத்துச்சா?" என்று ஸ்தனிஸ்லாஸ் தினமும் கேட்பான்.

"அப்புறம் சொல்றேன்டா," என்பார் அப்பா. சொல்ல மாட்டார்.

செல்வமேரிக்கு அது தாங்கவில்லை. அப்பா மறுபடி சமையலறைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு என்ன வழி?

"அம்மா, கான்வென்ட்டுல சிஸ்டருங்க மேசையில சாப்பிடுறாங்க. நாமளும் ஒரு மேசை போட்டா அப்பா கால் மேசைக்கு அடியில போயிடும். உனக்குத் தடுக்காது."

"மேசை உள்ளே வந்தா நாம வெளியே போகணும்," என்றாள் அம்மா. "அரிசி புடைக்க எங்கே போவேன்? அம்மி அரைக்க எங்கே உட்காருவேன்?"

செல்வமேரி சமையலறையைக் காலடியால் அளந்து பார்த்தாள். அடுப்பு ஒரு மூலை, அம்மி ஒரு மூலை, தண்ணீர்ப் பானை ஒரு மூலை. அம்மா சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஒரு கேள்வி அவளை விடவில்லை.

"சாப்பிடும்போது மட்டும்தானேம்மா மேசை வேணும்? மத்த நேரம் அது எங்கேயாவது போயிடக் கூடாதா?"

"நாலு கால் இருக்கேன்னு ஊர் சுத்தப் போகுமா? போய்ப் பாடத்தைப் படி!"

பாடம் எங்கே ஓடியது! அன்றிலிருந்து செல்வமேரி மடங்குகிற சாமான்களாகத் தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் குடையை இருபது தடவை விரித்து மடக்கித் திட்டு வாங்கினாள். நின்றுகொண்டிருந்த குதிரை வண்டிக்கு அடியில் ஏதாவது மடங்குகிறதா என்று குனிந்து பார்த்தாள். குதிரைக்கே சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தது.

சனிக்கிழமை காலையில் அம்மாவோடு காந்தி மார்க்கெட்டுக்குப் போனாள். வெங்காய வியாபாரி பஷீர் அகமது அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தார். கடையின் முன்பக்கத்தை ஒரு பெரிய பலகை மூடியிருந்தது. அவர் கொண்டியை எடுத்தார். பலகை மெல்லச் சாய்ந்து இறங்கியது. அடியில் கீல், இரண்டு பக்கமும் சங்கிலி. பாதியில் சங்கிலி பிடித்துக்கொள்ள, பலகை அந்தரத்தில் நின்றது. அதன்மேல் வெங்காயத்தைக் கொட்டினார். கதவாக இருந்தது இப்போது மேடையாகிவிட்டது!

செல்வமேரி குனிந்து அடியில் பார்த்தாள். ஒரு கால்கூட இல்லை.

"என்ன பாப்பா பார்க்கிற? வெங்காயம் வேணுமா?"

"வெங்காயம் அம்மாவுக்கு. எனக்கு இந்தக் கதவு."

பஷீர் அகமது சிரித்த சிரிப்பில் இரண்டு வெங்காயம் உருண்டு விழுந்தன.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில் படம் போட்டுக்கொண்டு தெருக்கோடியில் இருந்த தச்சுப் பட்டறைக்கு ஓடினாள். தச்சர் சேக் மைதீன் சிலேட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"கடைப் பலகையைக் கொண்டுபோய் அடுப்படியில மாட்டச் சொல்றியா? வியாபாரம் ஆரம்பிக்கப் போறீங்களா?"

"இல்ல பாய். சுவத்துல கீல் போட்டுப் பலகையை மாட்டணும். முன்பக்க ரெண்டு மூலையையும் மேலே உத்தரத்திலேருந்து சங்கிலி பிடிச்சுக்கும், ஊஞ்சல் மாதிரி. சாப்பிட்டதும் தூக்கிச் சுவத்தோட மூடிட்டா இடம் அடைக்காது. எங்க அப்பாவும் எங்களோட உட்கார்ந்து சாப்பிடுவாங்க."

சேக் மைதீன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "இப்படி ஒரு மேசையை நான் பார்த்ததே இல்ல. செஞ்சுதான் பார்ப்போமே!"

அப்பாவோடு வேலை செய்யும் ரெங்கராஜ், கப்பலில் இயந்திரம் வந்த பெட்டி ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அதைப் பிரித்துப் பலகைகளைக் கொண்டுவந்து போட்டார். அடுத்த சனிக்கிழமை சேக் மைதீன் சமையலறையில் மேசையை மாட்டினார். செல்வமேரி எண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அம்மா அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "கவலைப்படாதீங்க, செஞ்சுட்டேன்," என்று அவர் தலையாட்டினார்.

மேசை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் சங்கிலியைப் பிடித்து ஆடப் பார்த்தான்.

"டேய், இது ஊஞ்சல் இல்லடா. மேசை!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோவிலில் பூசை முடிந்து வந்ததும் அம்மா புது மேசையில் வாழையிலை போட்டாள். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். கால் மேசைக்கு அடியில் போய்விட்டது. பக்கத்தில் அம்மா, இரண்டு ஓரத்திலும் பிள்ளைகள். பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

குழம்பு சாதம் முடிந்தது. அப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. கதை வரப் போகிறது என்று ஸ்தனிஸ்லாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்மா ரசம் ஊற்றினாள்.

ரசம் இலையில் நிற்கவில்லை. சர்ரென்று வழுக்கி, மேசை விளிம்பைத் தாண்டி, அப்பாவின் வெள்ளை வேட்டியில் இறங்கியது. தரையில் என்றால் ஓடுகிற ரசத்துக்குச் சோற்றால் அணை கட்டலாம். இங்கே கட்டுவதற்குள் எல்லாம் மடியில்தான்.

அப்பா எழுந்துகொண்டார்.

"பரவாயில்லம்மா. எனக்கு மடியில தட்டே போதும்," என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

செல்வமேரிக்கு அழுகை வந்துவிட்டது. கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். ஆனால் அழும்போதே ஒரு கேள்வி முளைத்தது. ரசம் ஏன் முன்பக்கமாகவே ஓடியது? சுவர்ப்பக்கம் ஏன் ஓடவில்லை?

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"டேய், உன் கோலி ஒண்ணு கொடு."

கோலியை மேசை நடுவில் வைத்தாள். உருண்டு முன்பக்கம் வந்து விழுந்தது. வலது ஓரத்தில் வைத்தாள், இடது ஓரத்தில் வைத்தாள். அப்போதும் முன்பக்கமாகத்தான் விழுந்தது. உடனே போய்ச் சேக் மைதீனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பாய், பலகை சாய்ஞ்சிருக்கு. பாருங்க."

"சாயலை பாப்பா. நான்தான் சாய்ச்சேன்!" என்றார் அவர் ரோஷத்தோடு. "உங்க அம்மாதான் வாட்டம் வைக்கச் சொன்னாங்க."

"ஆமா," என்றாள் அம்மா. "சாப்பிட்ட இடத்தைத் தண்ணி விட்டுக் கழுவ வேண்டாமா? தண்ணி தேங்காம ஓடணும்னு அடுப்படித் தரைக்கு வாட்டம் வைக்கிறதில்லையா? அதான் இதுக்கும்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுடைய பார்வை முன்னறைப் பக்கம் போனது. "மாதாவே! அவர் மடியில ரசத்தை ஊத்தினது நான்தானா?"

"சரி, வாட்டத்தை எடுத்துட்டு மட்டமா வெச்சுடறேன்," என்றார் சேக் மைதீன்.

"வெச்சா கழுவுற தண்ணி நிக்குமே? எச்சில் தண்ணியை நிக்க விட்டா நாளைக்கு அதுல எப்படிச் சோறு போடுவேன்?"

"ரசத்துக்கு மட்டமா இருக்கணும். தண்ணிக்குச் சரிவா இருக்கணும். ஒரே பலகை எப்படிம்மா ரெண்டாவும் இருக்கும்?" என்றார் சேக் மைதீன்.

செல்வமேரி சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கடைசி வளையம் ஆணியால் பலகையின் மூலையில் அறையப்பட்டிருந்தது. வளையங்களை விரலால் எண்ணினாள்.

"பாய், ஆணிக்குப் பதிலா கொக்கி இருந்தா? சாப்பிடும்போது மேல் வளையத்தைக் கொக்கியில மாட்டலாம். பலகை மட்டமா நிக்கும். கழுவும்போது கீழ் வளையத்துல மாட்டினா முன்பக்கம் இறங்கிடும். ஒரு வாளியை வெச்சுத் தண்ணியைப் பிடிச்சுக்கலாம்!"

சேக் மைதீன் சங்கிலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அட! ஆனா பலகையைத் தாங்குற கொக்கிக்கு நான் எங்கே போவேன்? இரும்பு வேலை எனக்கு வராதே."

"அது யாருக்கு வரும்னு எனக்குத் தெரியும்," என்றாள் செல்வமேரி.

முன்னறையில் அப்பா முக்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கு ரெண்டு கொக்கி வேணும். ரசம் ஓடாத கொக்கி."

"அதென்ன கொக்கி?" என்று திரும்பினார் அப்பா. கால் அடிபட்ட பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவள் சிலேட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பலகை என்ன கனம், சங்கிலி என்ன தடிமன் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். பிறகு பரணில் இருந்த தன் சுத்தியலையும் இடுக்கியையும் எடுத்துவரச் சொன்னார். அந்த வாரம் முழுவதும் கொல்லைப்புறத்தில் 'டங் டங்' என்று சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. செல்வமேரி ஒரு மூலையிலும் ஸ்தனிஸ்லாஸ் ஒரு மூலையிலும் நின்று, மேல் வளையத்தைக் கொக்கியில் மாட்டினார்கள். கோலியை நடுவில் வைத்தார்கள். அது வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

இலை போட்டாயிற்று. குழம்பு முடிந்தது. அம்மா ரசக் கரண்டியை எடுத்தாள். ஊற்றினாள். நான்கு பேரும் மூச்சுவிடாமல் இலையைப் பார்த்தார்கள்.

ரசம் சோற்றைச் சுற்றி ஒரு குளம் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றது.

அப்பா பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். "எங்கே விட்டேன்?" என்றார்.

"ஊதிக்கிட்டே இருந்துச்சுப்பா!" என்று கத்தினான் ஸ்தனிஸ்லாஸ். "ரெண்டு மாசத்துக்கு மேல ஊதிக்கிட்டே இருக்கு!"

"ஆமாண்டா. ஒர்க் ஷாப்பே காதைப் பொத்திக்கிட்டு நிக்குது. துரை ஓடி வர்றார். ஊதலைக் கழட்டிப் பார்க்கலாம்னு நான் எஞ்சின் மேல ஏறினேன். பார்த்தா, ஊதலை இழுக்கிற கம்பியில யாரோ சோத்துத் தூக்கை மாட்டி வெச்சிருக்காங்க!"

"யாரோட தூக்கு?"

அப்பா அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். "என்னோடதுதான்."

"அதான் அன்னிக்குத் தூக்கு நசுங்கி வந்துச்சா!" என்றாள் அம்மா. "கூட்டத்துல இடிபட்டுச்சுன்னு சொன்னீங்க!"

அதன்பிறகு தூக்கு எப்படி நசுங்கியது, அதைப் பார்த்துத் துரை என்ன சொன்னார், ரெங்கராஜ் அதை எங்கே ஒளித்து வைத்தார் என்று கதை நீண்டுகொண்டே போனது. மேசையைக் கழுவ வைத்திருந்த வாளி தண்ணீரோடு ஓரத்தில் காத்திருந்தது.

செல்வமேரி அம்மாவின் கையைப் பார்த்தாள். ஐந்து விரலிலும் சோறு ஒட்டிக் காய்ந்து போயிருந்தது.

"அம்மா, கை காயுது பாரு! எழுந்திரு," என்றாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "சும்மா இருடி," என்றாள். "நீங்க சொல்லுங்க, அப்புறம்?"