மூலையில் உட்கார்ந்த வீரன்

ஐந்து வியாழக்கிழமையாகத் தோற்றுக்கொண்டே வருகிறேன். அதுவும் யாரிடம்? நான்காம் வகுப்புப் படிக்கும் என் தம்பி செந்தமிழனிடம். நான் கலைமதி, ஏழாம் வகுப்பு. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

எங்கள் அப்பா குவைத்தில் வேலை பார்க்கிறார். போன லீவில் வந்தபோது ஒரு சண்டை கேம் வாங்கி, டிவியில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அறையில் தங்கியிருக்கும் பிரசாந்த் மாமாவிடமும் அதே கேம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு. அன்று சாயங்காலம் மாமா அதை அரை மணி நேரம் அப்பாவுக்குக் கொடுப்பார். அப்பா அங்கிருந்தும், நாங்கள் பொன்னமராவதியிலிருந்தும் நெட்டில் ஆடலாம்.

அப்பாவோடு ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். அது நானா, தம்பியா என்று தினமும் சண்டை. அம்மா அலுத்துப்போய், வியாழக்கிழமை எங்களுக்குள் ஒரு ஆட்டம் ஆடி, ஜெயித்தவர் அப்பாவோடு ஆடட்டும் என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். இப்போது அப்பாவோடு ஆடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

தம்பி ஆடுவதும் ஒரு ஆட்டமா? மணி அடித்ததும் அவன் வீரன் ஓடி வந்து ஒரு உதை விடுவான். உடனே மூலைக்குப் போய், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வான். அவ்வளவுதான். அறுபது விநாடியும் தடுப்பு பட்டனிலிருந்து விரலை எடுக்கவே மாட்டான். நான் குத்துவேன், உதைப்பேன், பறந்து பறந்து அடிப்பேன். எல்லாம் அவன் கைமேல்தான் விழும். நேரம் முடிந்ததும் பார்த்தால், திரையில் என் உயிரைக் காட்டும் கோடு அவனுடையதைவிட நகத்தளவு குறைவாக இருக்கும். அந்த ஒரு உதையால் வந்த வினை.

ஆமை என்று திட்டிப் பார்த்தேன். அவன் மூலையை விட்டு நகரவே இல்லை.

புதன்கிழமை கண்ணாடி மாற்றுவதற்காக அம்மாவும் நானும் புதுக்கோட்டைக்குப் போனோம். திரும்பும்போது பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. படிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், பெரிய பையோடு வழியை அடைத்து நின்றார். கண்டக்டர் விசில் ஊதினார், கத்தினார். பின்னால் நின்றவர்கள் முட்டித் தள்ளினார்கள். திட்டத் திட்ட அவர் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். எனக்குக் கால் கடுத்தது.

அம்மா மட்டும் சத்தமே போடவில்லை. நெருங்கிப் போய்ப் பையின் காதைப் பிடித்துத் தூக்கினார்.

"குடுங்கண்ணே, இங்கிட்டு வச்சுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே பையோடு உள்ளே நகர்ந்தார். பை போனால் ஆள் நிற்பாரா? அவரும் பின்னாலேயே வந்துவிட்டார். வழி கிடைத்தது.

எனக்குச் சட்டென்று தம்பியின் வீரன் ஞாபகத்துக்கு வந்தான். அடித்தால் தடுக்கலாம். தூக்கினால்? கேமில் பிடித்துத் தூக்க ஒரு பட்டன் உண்டு. பறந்து அடிக்கிற ஆசையில் நான் அதைத் தொட்டதே இல்லை.

வியாழக்கிழமை மணி அடித்ததும் நான் பாயவில்லை. உதை எட்டாத தூரத்தில் சும்மா நின்றேன். தம்பியின் உதை காற்றில் போனது. வழக்கம்போல மூலைக்கு ஓடினான். நான் மெதுவாக நடந்து, நெருங்கிப் போய், பிடித்துத் தூக்கிப் போட்டேன். எழுந்து மறுபடி கைகளால் முகத்தை மூடினான். மறுபடி தூக்கினேன். முதல் சுற்று எனக்கு.

இரண்டாவது சுற்றும் எனக்குத்தான். ஜெயித்துவிட்டேன் என்று குதிக்க நினைத்துத் திரும்பினால், தம்பியின் கட்டைவிரல் குத்து பட்டனை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. நகம் வெளுத்துப் போயிருந்தது. ஆட்டம் முழுக்க அவன் வீரன் ஒரு குத்துகூட விடவில்லையே.

அவன் கையிலிருந்த வெள்ளைக் கன்ட்ரோலரை வாங்கி அழுத்திப் பார்த்தேன். குத்து பட்டன் வேலை செய்யவில்லை. பிடி பட்டனும் அப்படித்தான். உதையும் தடுப்பும் மட்டும்தான் வேலை செய்தன.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்ல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு நீதானே சிரிச்ச" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தக் கன்ட்ரோலரை மேசையிலிருந்து தட்டிவிட்டதே நான்தான். அக்கா என்ற உரிமையில் நல்ல கறுப்பை எடுத்துக்கொண்டதும் நான்தான். கேலிக்குப் பயந்து, இருக்கிற இரண்டு பட்டனை வைத்தே இவன் ஐந்து வாரம் ஜெயித்திருக்கிறான்.

இந்த ஆட்டம் செல்லாது என்று சொல்லிக் கறுப்பை அவனிடம் கொடுத்தேன். வெள்ளையை நான் எடுத்துக்கொண்டேன். தம்பி குத்திய குத்து இருக்கிறதே, மூன்று மாதத்துக் குத்தையும் சேர்த்துக் குத்தினான். நான் மூலைக்கு ஓடினேன். தோற்றேன். "இந்தப் பட்டன்..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்னக்கா, கூடம் கோணலா?" என்றான்.

இருவரும் சிரித்துவிட்டோம். தன் வீரனை நான் தூக்கிய வித்தையைத் தம்பி கேட்டான். பஸ்ஸில் அம்மா பையைத் தூக்கிய கதையைச் சொன்னேன். நாளைக்கு முதல் சுற்று அவனும் இரண்டாவது சுற்று நானும் ஆடலாம் என்று அவனாகவே சொன்னான்.

வெள்ளிக்கிழமை முதல் சுற்றில் தம்பி தோற்றான். கறுப்புக் கன்ட்ரோலர் என் கைக்கு வந்தது. மணி அடித்ததும் அப்பா ஒரு உதை விட்டார். போய் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். ஐந்து வாரமாகத் தம்பியோடு ஆடி, அவரும் இதைப் படித்துவிட்டார் போலிருக்கிறது. இவருமா என்று எனக்கு அலுப்பாகிவிட்டது.

தம்பி என் காதோரம் குனிந்தான்.

"கிட்டப் போ அக்கா. அந்தப் பையத் தூக்கு."

தூக்கினேன். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அப்பா சிரித்த சிரிப்பு, அடுப்படியில் இருந்த அம்மாவுக்கே கேட்டது.