நான்காம் கட்டிலின் தலைமாடு

பிற்பகல் மூன்று மணிக்கு, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரை அவனுடைய அக்கா கைத்தாங்கலாக அவசரப் பிரிவின் நான்காம் கட்டிலுக்கு அழைத்துவந்தாள். கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உடைந்து தொங்கியது. அவன் குனிந்தபடியே நடந்தான்; ரத்தமும் எச்சிலும் நூலாகத் தரையில் இறங்கின.

ட்யூட்டி டாக்டருக்கு அருவருப்பாக இருந்தது. அவருக்கு நோயாளி மல்லாந்து கிடக்கவேண்டும், போர்வை சுருக்கமில்லாமல் இருக்கவேண்டும். பட்டம் வாங்கிய அன்றே படிப்பைத் தலைமுழுகிய மேதாவி அவர்.

குனிந்தே இருக்கட்டும், மல்லாத்தினால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும் என்று நர்ஸ் சொல்லிப்பார்த்தார். போன மாதம் இதே நான்காம் கட்டிலில், இதே மாதிரி தாடையோடு வந்த லாரி டிரைவர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்று எழுதி டாக்டர் கையைக் கழுவிக்கொண்டார்.

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா? படுக்க வைங்க."

படுக்கவைத்தார்கள். திமிறியவனுக்குப் பட்டையும் கட்டினார்கள். நர்ஸை ரத்தம் கொண்டுவர விரட்டிவிட்டு, டாக்டர் முதுகைக் காட்டி நின்று கேஸ் ஷீட் எழுதினார். எழுத்து சுத்தமாக இருந்தால் போதும் அவருக்கு.

கொறகொறவென்று ஒரு சத்தம்.

பிறகு அதுவும் இல்லை.

மருந்து நெடியை அமுக்கிக்கொண்டு டீசல் வாடை எழுந்தது.

டாக்டர் திரும்பினார். கொத்தனாரின் முகம் நீலம் பாரித்திருந்தது. அவ்வளவு பெரிய மேதாவிக்குக் கைகால் ஓடவில்லை, மரமாக நின்றார்.

தொங்கிய தாடை தானாக மெல்ல முன்னே எழுந்தது.

காதுகளுக்குக் கீழே, இருபுறமும், தோல் விரல் விரலாகக் குழிந்தது. விசிலடித்துக்கொண்டு மூச்சு உள்ளே போனது.

ஓடிவந்த நர்ஸ் பட்டையை அவிழ்த்து, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலிருந்த ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார். பிழைத்துக்கொண்டான்.

அவனை ஸ்ட்ரெச்சரில் மாற்றி ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனதும் டாக்டருக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. படுக்கவைத்ததால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று நர்ஸிடம் அலட்டினார். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே.

அத்தனை நேரமும் வாசலில் நின்றிருந்த அக்கா கைகூப்பினாள்.

"தலைமாட்டுல நின்னு தம்பி தாடையத் தூக்கிப் புடிச்சாரே, அவருக்கு நன்றி சொல்லணும். பாவம், அவருக்கும் வாய் உடைஞ்சு தொங்குது. மொதல்ல அவரப் பாருங்க டாக்டர்."

கட்டிலின் தலைமாடு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஈர்க்குச்சி நுழைய இடமில்லை.

அப்படி யாரும் இங்கே இல்லையே என்று சொல்ல டாக்டர் வாயைத் திறந்தார்.

அவர் தாடையின் இரு பக்கமும் சில்லென்று விரல்கள் பதிந்தன.

மெதுவாக, தொண்டையை நோக்கித் தள்ளின.