இரண்டு பிளாக் வாசல்

கடையைப் பூட்டிவிட்டு வந்த தையல்காரி, விளக்குப் போடுமுன் கூடத்து மூலையிலிருந்த கம்ப்யூட்டரைத் திறந்து, மகளின் பொம்மையை வாசலுக்குள் நடத்தினாள். பொம்மை உள்ளே போகவில்லை. மேற்சட்டத்தில் தலை இடித்து நின்றது.

நேற்றுவரை நுழைந்து போன வாசல்.

சதுர பிளாக்குகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு அது. படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில் குட்டி அதற்குள் தங்கள் வீட்டையே கட்டி வைத்திருந்தாள். முன்பக்கம் தையல் கடை, கூடம், சமையலறை, கடைசியில் அவளுடைய மூலை அறை. போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். பதினோரு வயது. மூலை அறையைக் குட்டியின் அப்பா பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு மிஞ்சியது இந்தப் பொம்மைதான். தினமும் சாயங்காலம் அதை வீடு முழுக்க நடத்தி, கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். குட்டியோடு சேர்ந்து இதை விளையாடியவன் அவன்.

"எல்லா பொம்மைக்கும் ஒரே அளவுதான்க்கா. ரெண்டு பிளாக் உயர வாசல்ல தாராளமா போகும். வளராது, இளைக்காது."

"இடிக்குதுடா."

"தெரியாம எதையாவது மாத்தி வெச்சிருப்ப. மெல்லிசா ஒரு விரிப்பு இருக்கு, எட்டு போட்டா ஒரு பிளாக் உயரம். தரையில ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே வா. எங்க தலை இடிக்குதோ அதான் உயரம். அளவெடுக்க உனக்கா சொல்லித் தரணும்?"

முதலில் புதிதாக ஒரு பொம்மையை உண்டாக்கிப் பார்த்தாள். இரண்டு பிளாக் உயரத்தில் ஒரு விரிப்பு போட்டபோது நுழைந்தது, இரண்டாவது போட்டதும் நின்றுவிட்டது. ஒன்றே முக்கால் பிளாக்குக்குச் சற்று மேலே. பக்கவாட்டில் அரை பிளாக் இடைவெளியில் நுழையவில்லை, ஒரு பிளாக்கில் தாராளமாக நுழைந்தது. தம்பி சொன்னது சரிதான்.

பிறகு குட்டியின் பொம்மை. அதற்கு வாசலை மூன்று பிளாக்காக உயர்த்திவிட்டு விரிப்புகளைப் போட வேண்டியிருந்தது. உயரம் இரண்டைத் தாண்டியிருந்தது. தோளும் அகன்றிருந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. ஊரில் எல்லோரும் வளரும் பிள்ளைகளின் துணியைக் கொண்டுவந்து மடிப்பைப் பிரித்துவிடச் சொல்வார்கள். அவள் மட்டும் தன் பிள்ளையின் துணியை மாதாமாதம் உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பிடிப்பதற்குத் துணி இருந்தது, பிள்ளைதான் இல்லை.

பஸ் டிப்போ மெக்கானிக்கான அவள் கணவர் கைகளில் கிரீஸ் வாசனையோடு வந்து சேர்ந்தார். அவரிடம் மெல்லச் சொன்னாள்.

"ஏங்க, குட்டி வளர்றா."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே கழுவிய கையைத்தான் துடைத்தார்.

"அதை மூடு. இன்னொரு தடவை அவளைத் தூக்கிட்டுப் போக என்னால முடியாது."

அவள் மூடவில்லை. மறுநாளும் தலை இடித்தது, வாசலை உயர்த்தினாள். அதற்கு மறுநாள் கூடத்துக் கூரையை ஏற்றினாள். பொம்மை வளர வளர அவளுக்குச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அவள் முகம் தெளிந்திருப்பதாக அக்கம்பக்கத்தவர்கள்கூடச் சொன்னார்கள்.

மூலை அறைப் பக்கமிருந்து சத்தம் வரத் தொடங்கியது அந்த நாட்களில்தான். ஈரத்தில் ஊறிய மரம் முறுக்கிக்கொள்வது போல முதலில் ஒரு முனகல், அப்புறம் சுவரில் உள்ளிருந்து எதையோ மெதுவாகத் தேய்ப்பது போல நீண்ட ஓசை, பூட்டிய கதவின் அடியிடுக்கு வழியே மருந்து சிரப்பும் சோப்பும் கலந்த, அவளால் மறக்கவே முடியாத அந்தக் காய்ச்சல் வாசனை. கதவோரத்தில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. பெருக்கினாள். மறுபடி உதிர்ந்தது. எலியாக இருக்கும் என்றார் கணவர், அந்தப் பக்கம் திரும்பாமலேயே.

அன்று மழை. நாலு மணிக்கே இருட்டிவிட்டதால் கடையைச் சீக்கிரம் சாத்தினாள். கணவரும் வீட்டில்தான் இருந்தார்.

கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரை கறுப்பாக இருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தியும் மாறவில்லை. தலை கூரைக்குள் மாட்டிக்கொண்டால் பொம்மைக்கு எதுவும் தெரியாது, திரையும் கறுப்பாகிவிடும் என்று தம்பி ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. நேற்று அதை மூலை அறைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தாள். கூடத்துக் கூரையை ஏற்றியவள், அந்த அறையின் கூரையை ஏற்றவில்லை.

வீடு அமைதியாயிற்று. மழைச் சத்தம்கூட விலகிப்போனது போலிருந்தது.

"அம்மா."

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை.

கணவர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கும் கேட்டிருந்தது.

"அம்மா... இடம் பத்தல."

குட்டியின் குரல்தான். ஆனால் ஒரு வாயிலிருந்து வரும் அளவில் இல்லை. சுவரெல்லாம் அதிர்ந்தது.

"திறக்காத," என்றார் கணவர். சொல்லிக்கொண்டே சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அழுதுகொண்டிருந்தார்.

பூட்டு சுலபமாகத் திறந்தது. கதவை இழுத்தாள். வரவில்லை. இருவரும் இழுத்தார்கள்.

வந்தது.

அறை இல்லை. கட்டில் இல்லை. ஜன்னல் வெளிச்சம் இல்லை.

முதுகு.

கீழ்ப்படியிலிருந்து மேற்சட்டம் வரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் வளைந்த முதுகு. வெளிறிய தோல். காய்ச்சல் சூடு. தோலுக்கடியில் தலையணையளவில் எலும்புகள். மேலே, கழுத்து மடங்கும் இடத்தில், குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் முத்தமிட்ட மிளகளவு மச்சம். இப்போது தட்டளவு.

திரும்பிப் பார்க்க இடமில்லாமல் அது அழுதது.

பிறகு மூச்சை உள்ளே இழுத்தது. நிலைச்சட்டம் பிளந்தது.