உள்ளே இருக்கிறவர்

மௌலீசனின் காதுக்குப் பின்னால் சீழ் கட்டிவிட்டது. இல்லாவிட்டால் அந்த மனிதன் அன்றைக்கு வீட்டுக்கே வந்திருக்க மாட்டான். உடம்பு தினமும்தான் வந்துகொண்டிருந்தது, அதைச் சொல்லவில்லை. ஆள் வந்ததுதான் அதிசயம்.

ஈரோட்டில் இப்போது பாதிப் பேர் காதுக்குப் பின்னால் உடலோட்டி வைத்திருக்கிறார்கள். புளியங்கொட்டை அளவுக் கருவி. அழுத்தினால் போதும், உடம்பு அதன் பொறுப்பு. பல் தேய்க்கும், வண்டி ஓட்டும், ஆபீசில் வேலை பார்க்கும், வந்து சாப்பிட்டுப் படுக்கும். உடம்புக்குச் சொந்தக்காரர் அந்த நேரம் எங்கே இருப்பார்? இணைய வலையில். மூளைக்குள் விரிகிற அகத்திரையில் ஒன்று மாற்றி ஒன்றாகப் படம் ஓடும், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு கிடப்பார். இடது கட்டைவிரல் மட்டும் அவர் வசம். படத்தைத் தள்ள அது வேண்டுமே! படம் பார்த்து அவர் அழுதால் இந்தக் கண்ணிலும் தண்ணீர் வரும், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். நடை நேராக இருக்கும், முகம் தெளிவாக இருக்கும், அந்தக் கட்டைவிரல் மட்டும் உப்புப் பட்ட அட்டை மாதிரி நெளிந்துகொண்டே இருக்கும். சீ, குமட்டும்.

ஆரம்பத்தில் இது வெறும் 'ம்' கொட்டுகிற கருவி. மனைவி பேசும்போது போனில் மூழ்கிக் கிடக்கும் கணவன்மாருக்காகச் செய்தது. அவர்கள் குரலிலேயே, சரியான இடம் பார்த்து, 'ம்', 'அப்படியா', 'அப்புறம்?' என்று சொல்லும். அமோக விற்பனை. பிறகு அதற்குத் தலையாட்டக் கற்றுக்கொடுத்தார்கள், சிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், கடைசியில் உடம்பு முழுவதையும் கையில் கொடுத்துவிட்டார்கள். முதலாளிகளுக்குக் கொண்டாட்டம். ஊழியன் போன் நோண்டுகிறான் என்று வயிறெரிந்தவர்கள் அவர்கள்தான். இப்போது அவன் உள்ளே எங்கேயாவது கிடந்து நோண்டட்டும், உடம்பு கவனம் சிதறாமல் வேலை பார்க்கிறதே! மௌலீசனுக்கு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் இரண்டு முறை பதவி உயர்வு வந்தாயிற்று. அது அவனுக்கே தெரியாது.

டாக்டரம்மா கருவியைக் கழற்றி, சீழைப் பிதுக்கித் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "சாயங்காலம் வரைக்கும் காத்துப் படட்டும். அப்புறமா மாட்டிக்கலாம். அதுவரைக்கும் நீங்களே ஓட்டிக்குங்க."

"எதைங்க?"

"உங்க உடம்பைத்தானுங்க."

வெளியே வந்த மௌலீசனுக்கு வெயில் கூசியது. தொப்பை போட்டிருந்தது. நாக்கால் துழாவினால் வலது பக்கம் ஒரு கடைவாய்ப்பல்லைக் காணோம். எப்போது பிடுங்கினார்கள்? தன் வாயில் ஒரு பல் போனது தெரியாமல் ஒருவன் இருந்திருக்கிறான் என்றால் அவனை என்னவென்று சொல்வது! அவனோ பெரிதாகக் கவலைப்படவில்லை. வண்டியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்த மனைவி வான்மதி அவன் கண்ணைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினாள்.

"நீங்களா?"

"நான்தான். பின்ன யாரு?"

"அவரு எங்கீங்க?"

"எவரு?"

அவள் பதில் சொல்வதற்குள் மகள் அதிரா உள்ளேயிருந்து "அப்பா!" என்று ஓடிவந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, இது உள்ள இருக்கறவருங்களா?"

மௌலீசன் சிரித்து வைத்தான். "என்ன கண்ணு, ரெண்டாவது நல்லாப் படிக்கிறியா?"

"அஞ்சாவதுங்க," என்றாள் அதிரா. தன் அப்பாவிடம் பேசினால் 'அப்பா' என்று சேர்க்காமல் இருக்க மாட்டாள். இவன் வேற்றாள், அதனால் வெறும் 'ங்க'தான்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வெள்ளாட்டுக் குழம்பு. முதல் கவளம் நாக்கில் பட்டதும் அவனுக்குக் கண்ணே கலங்கியது. எத்தனை காலம் ஆயிற்று ருசி தெரிந்து! ஆனால் அந்த ருசிகூட அவனைப் பிடித்து வைக்கவில்லை. நாலாவது கவளத்தில் சலித்துவிட்டது. இடது கட்டைவிரல் தட்டின் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. மேலே, மேலே, மேலே. விளிம்பு தாண்டிக் குழம்பில் இறங்கி, சோற்றை மேலே தள்ளி, மேசையில் இழுத்து, நகக்கண்ணில் எலும்புத் துணுக்கோடு மறுபடி மேலே. அவனுக்கு அது தெரியவே இல்லை. அதிரா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டாள்.

பேச்சுக் கொடுப்போம் என்று மௌலீசன் தலை நிமிர்ந்தான். "மாமா எப்படி இருக்காரு? கால் வலின்னாரே, பரவாயில்லையா?"

வான்மதியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"எங்கப்பா செத்து ஒரு வருஷம் ஆச்சுங்க."

"என்னது?"

"உங்க தோள்தான் பாடை தூக்குச்சு. உங்களுக்கே தெரியாது பாருங்க."

மாமனார் செத்த அன்றைக்கு உடலோட்டி அவனுக்குச் செய்தி அனுப்பத்தான் செய்தது. ஒருவன் பல்லாலேயே தேங்காய் உரிக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இடையில் வந்த செய்தியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டான். அவ்வளவுதான். ஒரு சாவு, கட்டைவிரலில் ஒரு தள்ளு. த்தூ!

இந்தத் தடவை மௌலீசனுக்கு உறைத்தது. விரலில் அப்பியிருந்த குழம்பைப் பார்த்தான். தன்மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்து கை கழுவிவிட்டு வந்து சொன்னான்: "போதும் வான்மதி. நாளைக்கே போயி இந்தச் சனியனை மொத்தமா எடுத்துட்டு வந்தர்றேன். இனிமே நான்தான். வேலைக்கும் நான் போறேன், புள்ளையையும் நான் பாத்துக்கறேன்."

எந்த மனைவியும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருப்பான். வான்மதி அழுதாள்.

"வேண்டாமுங்க. எடுத்தா அவரு அழிஞ்சு போயிருவாருங்களே."

"அது மெசின்டி!"

"இருக்கட்டுமுங்க. எங்கப்பா செத்த அன்னைக்கு ராவெல்லாம் என்ற கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தது அந்த மெசின்தான். புள்ளைக்கு அம்மை போட்டப்ப வேப்பிலையால வருடிக் குடுத்தது அதுதான். நான் பேசுனா, பேசி முடிக்கற வரைக்கும் என்ற மூஞ்சியப் பாத்துக் கேக்குது. நீங்க இதுவரைக்கும் ஒரு தடவ கேட்டிருக்கீங்களா? சும்மா சொல்லுங்க."

மௌலீசன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒரு சந்தர்ப்பம் குடு வான்மதி. கெஞ்சிக் கேக்கறேன். எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றான். குரல் நிஜமாகவே தழுதழுத்தது. அவளுக்கு மனசு இளகியது. கட்டிய புருஷனாயிற்றே! கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க. ஆனா புள்ள ஒரே ஒரு தடவ அவருகிட்டப் பேசி வழியனுப்பிக்கட்டும். சொல்லாமக் கொள்ளாம எடுத்தீங்கன்னா அவ ஏங்கிப் போயிருவா."

நியாயம்தான் என்று பட்டது அவனுக்கு. தான் எவ்வளவு பெருந்தன்மையானவன் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டான். சாயங்காலம் காது காய்ந்ததும் கருவியை எடுத்துப் பொருத்தினான். "பத்து நிமிஷம். அதுக்கு மேல வேண்டாம்," என்று அதற்குக் கட்டளையிட்டான். உடலோட்டிக்கு விதி உண்டு. சொன்ன நேரம் முடிந்ததும் சொந்தக்காரரை மூன்று முறை கூப்பிட வேண்டும். வந்தால் உடம்பைக் கொடுத்துவிட வேண்டும். வராவிட்டால் தானே தொடர்ந்து ஓட்டலாம்.

"பத்தே நிமிஷம் கண்ணு, அப்பா வந்தர்றேன்," என்று மகளிடம் சொல்லிவிட்டு அழுத்தினான்.

உள்ளே போனதும் எதையும் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தான். அகத்திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா காத்திருந்தான். கொஞ்ச நேரம் இருந்தும்விட்டான். ஆனால் வலைக்கு அவன் மனசு தெரியும். அது ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டியது: 'உடலோட்டியைத் தூக்கி எறிந்த அப்பா, மகள் செய்ததைப் பாருங்கள்!'

தன் கதை மாதிரியே இருக்கிறதே என்று பார்த்தான்.

வெளியே, அதிரா அப்பாவின் மடியில் படுத்து எல்லாம் சொல்லி முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்துச் சண்டை, தோழி பேசாதது, எல்லாம். பத்து நிமிஷம் ஆயிற்று. உடலோட்டி உள்ளே கூப்பிட்டது: "ஐயா, நேரமாச்சுங்க. வாங்க."

"இரு, வர்றேன்."

வான்மதி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்து நிமிர்கிற முகம் யாருடையதோ என்று கண் எடுக்காமல் பார்த்தாள்.

"ஐயா, புள்ள காத்திட்டிருக்கா. வாங்க."

"இதோ முடியப் போகுது."

திரையில் அந்த அப்பா கையை விரித்துக்கொண்டு ஓடினான். அந்த மகளும் ஓடிவந்தாள். பின்னணியில் வயலின் வாசித்தார்கள். மௌலீசன் தேம்பித் தேம்பி அழுதான். படத்துக்குக் கீழே 'அப்பான்னா இப்படி இருக்கணும்' என்று எழுதினான். அதைப் போலவே இன்னொன்று வந்து நின்றது.

"ஐயா, மூணாவது தடவை கூப்பிடறேனுங்க. வரலைன்னா..."

"அறிவிருக்கா உனக்கு? முக்கியமா ஒண்ணு பாத்திட்டிருக்கேன்ல!"

மடியில் கிடந்த அதிராவின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்கப்பா அழறீங்க? போகப் போறீங்களா?"

"நான் அழலை சாமி. நான் எங்கயும் போகலை," என்றது உடலோட்டி. "உள்ள இருக்கறவரு என்னமோ பாத்திட்டிருக்காரு."

அதிரா தன் பாவாடை நுனியால் அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. "சரி வாங்கப்பா, பசிக்குது, மத்தியானம் நான் சாப்பிடவே இல்ல," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.